செயின்சாவுக்குப் புது செயின்: கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் ஒரு மெஷின் கடையில் போய் நின்று "அண்ணா, பதினெட்டு இன்ச் செயின் ஒண்ணு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பதிலுக்குக் கேள்விதான் வரும்: "என்ன பிட்ச்? எத்தனை லிங்க்?" புதிதாகச் செயின்சா என்கிற மரம் அறுக்கும் மெஷின் வாங்கியவர்கள் பலரும் திணறுவது இந்த இடத்தில்தான். மெஷினின் பெயரைச் சொல்வார்கள், நிறத்தைச் சொல்வார்கள், போனில் இருக்கிற படத்தைக் காட்டுவார்கள். கடைக்காரரும் தன் அனுபவத்தை வைத்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் எண்ணூரில் இருந்தோ மாதவரத்தில் இருந்தோ மறுபடி வர வேண்டும். மாட்டிப் பார்த்து எண்ணெய் பட்ட செயினை எல்லாக் கடையிலும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அலைச்சலை விடுங்கள். கொஞ்சமும் பொருந்தாத செயினால் ஆபத்து இல்லை, அதை மாட்டவே முடியாது. ஏறக்குறையப் பொருந்துகிற செயினுக்குத்தான் பயப்பட வேண்டும். அது மாட்டிக்கொள்ளும், ஓடும், பாதி மரத்தில் கழன்று வரும். முழு ஆக்ஸிலேட்டரில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் கழன்றால் முதலில் தேடி வருவது மெஷினைப் பிடித்திருக்கிற கையைத்தான். அதனால்தான் இந்த அளவு விஷயத்தில் 'கிட்டத்தட்ட' என்ற பேச்சே கூடாது என்கிறேன்.

புது செயின் தேவைதானா?

மரத்தூள் சீவல் சீவலாக விழாமல் மாவாக விழுகிறது, மெஷினை அழுத்திப் பிடித்தால்தான் மரத்தில் இறங்குகிறது என்றால், செயின் மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு உருட்டு அரம் போதும். பழைய செயினை அப்படியே எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் காசை வீணாக்குகிறார்கள். ஒரு செயினுக்குப் பல தடவை அரம் போடலாம்.

மாற்ற வேண்டிய செயினுக்கு அடையாளங்கள் வேறு. வெட்டும் பல்லின் மேல்பக்கத்தில், பின்பகுதியில், சாய்வாக ஒரு மெல்லிய கோடு போட்டிருப்பார்கள். அரம் போட்டுப் போட்டுப் பல் அந்தக் கோடு வரை தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. கோடு இல்லாத செயினில், பல்லின் நீளம் 4 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். ஏதாவது ஒரு லிங்க்கில் விரிசல் தெரிந்தாலோ, கண்ணிகளை இணைக்கிற ஆணியான ரிவெட் ஆடினாலோ ஒரு நாளும் யோசிக்க வேண்டாம். செயினை இறுக்குகிற டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசி வரை திருகியும் செயின் தொங்குகிறது என்றால், ரிவெட் துளைகள் எல்லாம் தேய்ந்து செயின் நீண்டுவிட்டது என்று அர்த்தம். அதையும் மாற்ற வேண்டியதுதான்.

அறுக்கும்போது மெஷின் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால் மட்டும் சற்று நிதானியுங்கள். ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கலாம், அல்லது பாரின் (செயின் சுற்றி ஓடுகிற நீளமான தகட்டின்) விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். பார் தேய்ந்திருந்தால் எத்தனை புது செயின் போட்டாலும் அது அப்படித்தான் இழுக்கும்.

பாரைக் கழற்றி எழுத்தைப் படியுங்கள்

செயினின் அளவு மெஷின் பெயரில் இல்லை, பாரில் இருக்கிறது. ஒரே மாடல் மெஷினை இரண்டு மூன்று வகை பாரோடு விற்பார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் முன்னால் வைத்திருந்தவர் எந்தப் பாரை மாட்டினாரோ தெரியாது.

பெட்ரோல் மெஷினில் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி மெஷினில் பேட்டரியை எடுத்துவிடுங்கள். கரன்ட் மெஷின் என்றால் பிளக் கையோடு வெளியே வர வேண்டும், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தடித்த கையுறை போட்டுக்கொண்டு பாரைக் கழற்றி, மெஷினுக்குள் இருக்கும் வால் பகுதியில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் தூளையும் துடையுங்கள். அங்கே அச்சிட்ட எண்கள் தெரியும். உதாரணமாக 18, .325, .058, 72 என்று இருக்கலாம். முதல் எண் பாரின் நீளம், இன்ச் கணக்கில். அடுத்தது பிட்ச். மூன்றாவது கேஜ். கடைசியில் இருப்பது டிரைவ் லிங்க் எண்ணிக்கை, சில பாரில் இது இருக்காது. தெரிந்தால் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து அழிந்துபோயிருந்தால்தான் அளக்கிற வேலை.

பிட்ச் என்பது செயினின் கண்ணிகள் எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்பது. அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரிவெட்டின் நடுவில் இருந்து மூன்றாவதன் நடு வரை அளந்து இரண்டால் வகுத்தால் பிட்ச் கிடைக்கும். வகுக்காமலே சொல்வதென்றால்: அந்தத் தூரம் 12.7 மி.மீ. என்றால் கால் இன்ச் பிட்ச், 16.5 என்றால் 0.325, சுமார் 19 என்றால் 3/8, 20.5 என்றால் 0.404. கையடக்க பேட்டரி மெஷின்களில் பெரும்பாலும் கால் இன்ச் இருக்கும். நம் ஊரில் பரவலாக விற்கும் 58 சிசி சீன மெஷின்களில் 0.325 வரும். வீட்டு உபயோகத்துக்கான சின்ன மெஷின்களிலும் கரன்ட் மெஷின்களிலும் அதிகம் பார்ப்பது 3/8, பட்டறைக் கணக்கில் மூணு நூல்.

இந்த மூணு நூலில் ஒரு சிக்கல் இருக்கிறது. 3/8 இரண்டு வகை. சாதாரண 3/8 உயரமானது, பெரிய மெஷினுக்கு. லோ புரொஃபைல் என்று சொல்கிற 3/8 தாழ்வானது, சின்ன மெஷினுக்கு. ரிவெட் இடைவெளியை ஸ்கேலில் அளந்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. கடையில் 3/8 என்று மட்டும் சொல்லாமல் 'லோ புரொஃபைலா, ஃபுல்லா' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அட்டையில் எல்.பி. என்றோ, ஸ்டில் கம்பெனிச் செயினில் பி என்றோ போட்டிருந்தால் அது தாழ்வான வகை.

கேஜ் என்பது பாரின் காடிக்குள், அதாவது விளிம்பில் நீளமாக ஓடும் பள்ளத்துக்குள், ஓடும் லிங்க்கின் தடிமன். புழக்கத்தில் இருப்பவை நான்கு: 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. இன்ச் கணக்கில் .043, .050, .058, .063. இதற்கு வெர்னியர் அளவுகோல் வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தடிமன் கூடிய செயின் காடிக்குள் இறங்காது, அதனால் அந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும். குறைந்த தடிமன் இறங்கிவிடும். 1.5 காடியில் 1.3 செயின் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், கையால் இழுத்துப் பார்த்தாலும் ஓடும். மரத்தில் வைத்ததும் பக்கவாட்டில் ஆடி, அறுப்பு கோணலாகி, காடியின் ஓரங்களையும் தின்றுவிடும். நான் மேலே சொன்ன 'ஏறக்குறைய' செயின் இதுதான். புதியவர்கள் அதிகம் ஏமாறுவதும் இதில்தான்.

மூன்றாவது, டிரைவ் லிங்க் எண்ணிக்கை. செயினின் அடிப்பக்கத்தில், காடிக்குள் போகும்படி சுறாத் துடுப்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள்தான் டிரைவ் லிங்க். செயினைத் தரையில் விரித்து, ஒன்றின் மேல் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இரண்டு தடவை எண்ணுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் எண்ணச் சொல்லுங்கள். கடையில் சிலர் இதையே "எத்தனை பல்லு?" என்று கேட்பார்கள். மேலே இருக்கும் வெட்டுப் பல்லையா, கீழே இருக்கும் லிங்க்கையா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வழக்கமான செயினில் 72 லிங்க் இருந்தால் வெட்டுப் பல் 36தான் இருக்கும்.

பார் நீளத்தை வைத்து லிங்க் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 16 இன்ச் பார், 3/8 லோ புரொஃபைல் என்று எடுத்துக்கொண்டால், ஸ்டில் மெஷினுக்கு 55 லிங்க் வரும், ஹஸ்க்வர்னாவுக்கு 56 வரும், வேறு சில மெஷின்களுக்கு 57. 18 இன்ச்சில் 0.325 என்றால் சிலவற்றில் 68, சிலவற்றில் 72. ஒரு லிங்க் குறைந்தால் பாரில் ஏறாது. ஒன்று இரண்டு கூடினால் இறுக்க முடியாது, தொங்கும். இன்னொன்று, பாரின் இன்ச் என்பது மெஷின் உடம்புக்கு வெளியே தெரியும் பகுதியின் நீளம். கழற்றிய பாரை முனையில் இருந்து வால் வரை டேப் வைத்து அளந்தால் வேறு கணக்கு வந்து உங்களைக் குழப்பும்.

பழைய செயினிலும் எண்கள் இருக்கும், பொடி எழுத்தில். ஓரெகான் கம்பெனிச் செயினின் டிரைவ் லிங்க்கில் 91 என்று இருந்தால் 3/8 லோ புரொஃபைல், 1.3 மி.மீ. 20, 21, 22 என்று இருந்தால் பிட்ச் 0.325, கேஜ் முறையே 1.3, 1.5, 1.6. ஸ்டில் செயினில் டிரைவ் லிங்க்கில் இருக்கும் ஒற்றை எண் கேஜைச் சொல்லும்: 3 என்றால் 1.3, 6 என்றால் 1.6. ஆனால் போன தடவை யாராவது தவறான செயினைப் போட்டிருந்தால் இந்த எண்களும் தவறான வழியைத்தான் காட்டும். பாரும் செயினும் வேறு வேறு சொன்னால் பாரை நம்புங்கள். எல்லாவற்றையும் விடச் சிறந்த வழி, பாரையும் பழைய செயினையும் ஒரு கோணிப்பையில் சுற்றிக் கடைக்கே எடுத்துப் போய்விடுவது.

எந்தப் பல்?

அளவு பொருந்தும் செயின் கடையில் இரண்டு மூன்று விதமாக இருக்கும். எது நல்லது என்பதை நீங்கள் அறுக்கப் போகும் மரமும், அந்த மரம் நிற்கிற இடமும்தான் முடிவு செய்யும்.

இந்தப் பல்லின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பழைய காலத்துச் செயின்களில் கைரம்பத்தின் பல்லைத்தான் வைத்திருந்தார்கள். 1946-ல் அமெரிக்காவின் ஓரெகான் மாநிலத்தில் ஜோசப் பியூஃபர்ட் காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் ஒரு வண்டுப் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவித் தின்பதைக் கவனித்தார். அதைப் பார்த்து இடது பல், வலது பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்து, 1947-ல் கம்பெனி தொடங்கினார். இன்று உங்கள் கையில் இருப்பதும் அந்த வழியில் வந்த பல்தான்.

அந்தப் பல்லின் முனை சதுரமாக இருந்தால் ஃபுல் சிசெல், உருட்டலாக இருந்தால் செமி சிசெல். சதுர முனை சுத்தமான பச்சை மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். ஆனால் ஒரு பிடி மண் பட்டால் அந்தக் கூர்முனை போய்விடும், முனை போனால் பல்லே போன மாதிரி. உருட்டு முனை கொஞ்சம் மெதுவாக அறுக்கும், ஆனால் மண்ணையும் காய்ந்த மரத்தையும் தாங்கி நிற்கும். அரம் போடும்போது கை சற்று முன்பின்னாகப் போனாலும் மன்னித்துவிடும்.

வடசென்னையில் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு செமி சிசெல் வாங்குங்கள் என்பேன். திருவொற்றியூரில் இருந்து எண்ணூர் வரை கடற்கரை மணல் காற்றில் வந்து பட்டை இடுக்கில் எல்லாம் உட்கார்ந்திருக்கும். மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் லாரி ஓடும் சாலையோரத்து மரங்களின் அடிப்பட்டையைக் கையால் தடவினால் புழுதி அப்பிக்கொள்ளும். இதெல்லாம் செயினுக்கு உப்புத்தாள். சீமைக் கருவேலம் கெட்டியான மரம், காய்ந்துவிட்டால் இன்னும் மோசம். தென்னையும் பனையும் நார் நாராக இருந்து பல்லைச் சீக்கிரம் மழுக்கும். (பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும், சாலையோர மரங்களுக்கும் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது. செயின் வாங்கும் முன் அந்தக் காகிதம் கையில் இருக்கட்டும்.) வேம்பு, பூவரசு, தூங்குமூஞ்சி இவற்றில் பச்சையாக இருக்கும்போது எந்தச் செயினும் ஓடும். மரம் சாய்ந்து சில மாதம் வெயிலில் கிடந்த பிறகு அறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விளம்பரத் தகடோ, கோயில் திருவிழா சீரியல் லைட் கம்பியோ, கேபிள் கொக்கியோ அறையப்படாத மரம் அபூர்வம். பலகை விழுந்திருக்கும், ஆணியைப் பட்டை மூடியிருக்கும். அறுக்கும் முன் மரத்தைச் சுற்றி வந்து, தரையில் இருந்து ஓர் ஆள் கை எட்டும் உயரம் வரை நன்றாகப் பாருங்கள். பட்டையில் விசித்திரமான குழியோ வீக்கமோ தெரிந்தால் அந்த இடத்தை விட்டு அறுங்கள். அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம், உடனே நிறுத்துங்கள். இந்த மாதிரி வேலைக்குப் புதுச் செயினைப் போடாமல், பாதி தேய்ந்த பழைய செயினைக் கூர் தீட்டி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

கார்பைடு முனை வைத்த செயினும் கிடைக்கிறது. மண்ணுக்கும் அழுக்குக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் விலை அதிகம், சாதாரண அரத்தால் தீட்ட முடியாது, ஆணியில் மோதினால் முனை உடைந்து பறக்கும். முதல் செயினாக இது வேண்டாம்.

புதியவர்கள் அவசியம் கேட்க வேண்டியது லோ கிக்பேக் செயின். பாரின் மூக்கில், அதாவது முனையில், மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். அதைத்தான் கிக்பேக் என்கிறார்கள். இந்த வகைச் செயினில் பல்லுக்கு முன்னால் மேடு மாதிரி ஒரு கூடுதல் தடுப்பு இருக்கும், பல் ஒரேயடியாக ஆழமாகக் கடிக்காது. துள்ளல் முழுவதும் போகாது, குறையும். அறுக்கும் வேகம் சற்றுக் குறைவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

பல் எண்ணிக்கையைக் குறைத்த ஸ்கிப் செயின் 24 இன்ச்சும் அதற்கு மேலும் உள்ள பாருக்கானது, நமக்கு வேண்டாம். காசிமேட்டில் படகு வேலைக்குக் கட்டையை நீளவாக்கில் பலகையாகப் பிளக்கிறவர்களுக்கு மட்டும் ரிப்பிங் செயின் உதவும். அதன் பல் வழக்கமான 25 முதல் 35 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 10 டிகிரியில் தீட்டப்பட்டிருக்கும், பலகை வழவழப்பாக வரும்.

கடையில்

செயின் இரண்டு விதமாகக் கிடைக்கும். அட்டைப் பெட்டியில் ஏற்கெனவே வளையமாக வருவது ஒன்று. பெரிய ரோலில் இருந்து உங்கள் லிங்க் எண்ணிக்கைக்கு வெட்டி, கடையிலேயே ரிவெட் அடித்துக் கொடுப்பது இன்னொன்று. ரோல் செயின் மட்டம் என்று அர்த்தம் இல்லை, நல்ல கம்பெனிச் செயினும் ரோலில் வருகிறது. ஆனால் அடித்த இணைப்பைப் பார்த்து வாங்குங்கள். அந்த இடத்தை விரலால் மடக்கினால் மற்ற இடங்களைப் போலவே சுலபமாக மடங்க வேண்டும். விறைப்பாக நின்றாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ வாங்காதீர்கள். இணைப்புக்கு இரண்டு பக்கமும் இடது பல், வலது பல் வரிசை மாறாமல் வருகிறதா என்றும் பாருங்கள்.

பெயரும் எண்ணும் செயினில் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். பெட்டியில் பெரிய கம்பெனிப் பெயர் இருந்து, செயினில் ஓர் எழுத்தும் இல்லை என்றால் அது போலி. பழைய செயினைப் பக்கத்தில் தொங்கவிட்டு லிங்க்கை அங்கேயே எண்ணுங்கள். பழையது தேய்ந்து நீண்டிருப்பதால் புதிது கொஞ்சம் குட்டையாகத் தெரியும், அது சரிதான்.

அந்தச் செயினுக்கு உரிய அரத்தையும் கையோடு வாங்கிவிடுங்கள். கால் இன்ச்சுக்கும் 3/8 லோ புரொஃபைலுக்கும் 4 மி.மீ., 0.325க்கு 4.8 மி.மீ., பெரிய 3/8க்கு 5.2 அல்லது 5.5 மி.மீ., பெட்டியில் எது சொல்லியிருக்கிறதோ அது.

ஸ்ப்ராக்கெட்டையும் ஒரு பார்வை பாருங்கள். செயினை இழுக்கும் அந்தப் பல்சக்கரத்தில் அரை மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். பொதுவாக இரண்டு மூன்று செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று கணக்கு. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அது புதுச் செயினையும் தன் தேய்மானத்துக்கு இழுத்துவிடும்.

மாட்டியதும்

புதுச் செயினை இரவு முழுவதும் செயின் ஆயிலில் ஊறப்போடுங்கள். வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம். அதில் இரும்புத் துகள் இருக்கும், உடம்புக்கும் கெடுதல், அது தெறித்து விழுகிற மண்ணுக்கும் கெடுதல். பாரின் காடியை மெல்லிய தகட்டால் சுரண்டிச் சுத்தம் செய்து, பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், அப்போதுதான் இரு விளிம்பும் ஒரே சீராகத் தேயும். பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர் மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். பாரின் மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தை ஒட்டி இருக்க வேண்டும், அதே சமயம் கையுறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும்.

முதல் சில நிமிடம் மரத்தில் வைக்காமல் மிதமாக ஓடவிட்டு நிறுத்துங்கள். புதுச் செயின் தளரும். ஆறிய பிறகு மறுபடி டென்ஷன் பாருங்கள், முதல் நாள் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். சூடாக இருக்கும்போது இறுக்கி அப்படியே வைத்துவிடாதீர்கள். ஆறும்போது செயின் சுருங்கி இன்ஜினின் கிராங்க் பேரிங்கைப் பிடித்து இழுக்கும்.

முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே வைத்துக்கொள்ளுங்கள். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்து கிடந்தது. அப்படி ஒரு நாளில் பாரிமுனைக்குப் போய் லிங்க் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. கூடுதல் செயினை மூடி போட்ட டப்பாவில் எண்ணெய் தடவி வையுங்கள், கடல் காற்றுக்குத் துரு பிடிக்க ரொம்ப நாள் ஆகாது. டப்பாவின் மூடியில் பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கையை மார்க்கரால் எழுதி ஒட்டிவிடுங்கள்.